மாட்டன் என்று ஒருவர் சொல்லவேண்டும்

யாராவது முகத்துக்கு நேரே "மாட்டன்" என்று சொன்னால் அவருக்கு அப்படி ஒரு சந்தோசம். மற்றவர்களுக்கு மூக்குக்கு மேலே கோபம் வருகிற இடத்தில் இவருக்கு முகம் மலர்ந்துவிடும். பெயர் வேண்டாம். அவருடைய மனைவி இன்னும், ஊரைவிட்டு வந்த எங்கள் ஆட்கள் குடியேறிய மல்வேர்னில், அதே வீட்டில்தான் இருக்கிறார், பெயரைப் போட்டு எழுதினால் வாசித்துவிட்டு அழுவார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அண்ணையாகவே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடி செய்துகொண்டிருந்தோம். பின்னேர ஷிப்ட். என்னிடம் கதவு துருப்பிடித்த ஒரு கார் இருந்தது. கார் வைத்திருந்த பெண் என்பதால் மல்வேர்னில் எனக்குத் திடீரென்று நிறையச் சொந்தக்காரர் முளைத்திருந்தார்கள், அவரும் அப்படித்தான் ஒருநாள் ஏறினார். முதல் சந்தியிலேயே சிவப்பு விழுந்தது. குறுக்கே ஒரு வாகனமும் இல்லை.

"ஒருத்தரும் இல்லைத்தானே பிள்ளை. சிவப்பெண்டாலும் போவம், வேலைக்குப் பிந்துது" என்றார்.

"நான் மாட்டன். அவசரமெண்டா இறங்கி நடவுங்கோ."

வாயை விட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். பொலிஸில் இருந்தவர் என்று வேறு கேள்வி. திரும்பிப் பார்த்தால் மனிதர் சீற்றில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அவர் வேறு யாருடைய காரிலும் ஏறவில்லை. அது சோதனை என்று எனக்கு விளங்கவே பல மாதங்கள் ஆயின. விளங்கியபோது நல்ல எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதற்கும் இதே வழிதான். மீன் கடைக்குப் போனால், "இந்த விளைமீன் இண்டைக்கு வந்ததோ?" என்று கேட்பார். "இப்பதான் இறங்கினது அண்ணை" என்றால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார். இன்னொரு கடைக்காரப் பெடியன் அடுக்கியிருந்த மீனைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு வாங்காதேங்கோ, வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றான். அதற்குப் பிறகு வேறு எந்தக் கடையிலும் அவர் மீன் வாங்கியதில்லை. என் காருக்கு மெக்கானிக் தேடியபோதும் அவரே கூட வந்தார். போன மாதம் மாற்றிய பிரேக்கை "திரும்ப மாத்தவேணும்" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். ஓம் ஓம், விட்டிட்டுப் போங்கோ என்றார்கள். ஒருவன் மட்டும் சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன விசரோ, இது புதுசு" என்றான். அண்ணை அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்தச் சோதனை ஓரிடத்தில் மட்டும் செல்லாது. வீட்டில். அக்காவுக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, மாட்டேன் என்ற சொல்லே வாயில் வராது. கதவைத் தட்டி வக்கூம் கிளீனர் விற்க வந்தவனுக்குச் சோறு போட்டு, அந்த மெசினையும் வாங்கி வைத்தவர். வீட்டில் கம்பளமே இல்லை. அண்ணை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து நான் கேட்டு உவ இல்லை எண்டு சொன்னதில்லை. அதாலை நான் உவவிட்டை ஒண்டும் கேக்கிறேல்லை."

அக்கா குசினிக்குள் நின்று, "கேளுங்கோவன், ஆர் வேண்டாமெண்டது?" என்பார். எங்களுக்குத் தேத்தண்ணி வரும். வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சனான் என்று நான் எங்கள் வழக்கப்படி சொல்வேன். "உது 'வேண்டாம்' இல்லை, பிள்ளை" என்பார் அண்ணை. "உது 'வேணும்' எண்டதின்ரை முதல் பாதி." சொல்லிவிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிடுவார்.

ஊரில் பொலிஸில் இருந்தவர் என்றேன். கொழும்பில் வேலை. துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போய்க் கேடயங்கள் வாங்கியவர். அரசாங்கத்தின் பொலிஸில் இருந்த தமிழர் என்பதாலேயே மல்வேர்னில் அவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்று ஆட்களுக்குத் தெரியவில்லை. கொண்டாட்டங்களில் அவர் வந்து உட்கார்ந்தால் அரசியல் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் காலநிலை கதைக்கத் தொடங்குவார்கள். ஏன் அந்த வேலையை விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்கை என்ன சொன்னாலும் 'ஓம் சேர்' தான். ஒருநாள் எங்கள் எல்லாரையும் வரிசையிலை விட்டு ஒரு வேலை சொன்னாங்கள். செய்யக்கூடாத வேலை. மாட்டன் எண்டு நான் ஒருத்தன்தான் சொன்னன்."

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவர் அதற்குமேல் சொல்கிற ஆளும் இல்லை.

இங்கே வந்து சில வருடங்களில், நகரத்துக்கு வடக்கே ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்து, வேண்டிய அனுமதி எல்லாம் எடுத்து, ஒரு ரிவோல்வர் வாங்கினார். அது நிலவறையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். சாவி பிள்ளையார் படத்துக்குப் பின்னால். மல்வேர்ன் முழுக்க இது பெருங்கதை. "வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள், அந்தாள் காசு குடுத்தெல்லோ கேக்குது" என்றார் என் கணவர். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனபோது முதல் வெடிக்கே நான் தலையைக் குனிந்து சுவரோடு ஒட்டிவிட்டேன். அவர் வந்து என் காதிலிருந்த மூடியைச் சரிசெய்துவிட்டு, தூரத்தில் தொங்கிய கடதாசியைக் காட்டினார்.

"பாரும். கடதாசியிலை ஓட்டை விழும், அவ்வளவுதான். ஒருத்தரும் விழமாட்டினம். அதுக்குத்தான் நான் இஞ்சை வாறன்."

அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் கதைத்தால் நான் சண்டைக்குப் போனேன்.

ஒரு வசந்தத்தில் அவருடைய ஓட்டைகள் தள்ளித் தள்ளி விழத் தொடங்கின. அவருடைய போட்டியில் விசையை ஒவ்வொரு முறையும் நீளமாக, ஒரே சீராக இழுக்கவேண்டும். இழுக்கும்போது கை துளி அசைந்தாலும் குறி போய்விடும். விசை இறுகிவிட்டது, உள்ளே எதுவோ உரசுகிறது என்றார் அண்ணை. உள்ளே இருக்கிற துண்டுகளை மினுக்கி, ஸ்பிரிங்கைச் சரிசெய்து இலகுவாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், கன்ஸ்மித் என்று. நல்ல ஆள் ஒருவரைப் பிடிக்கவேண்டும், இலையுதிர்காலப் போட்டிக்கு முன் திருத்தவேண்டும். அந்த வருடம் அவருக்கு வேறு நினைவே இல்லை. ஹைவேயில் கார் ஓடப் பிடிக்கவில்லை என்று, இடையில் வாங்கிய தன் காரையும் அதற்குள் விற்றிருந்தார். ஆகவே நான்தான் சாரதி.

முதல் ஆள் ஒரு பெரிய கடைக்காரர். "எவ்வளவு இலகுவாக்கலாம்?" என்று அண்ணை கேட்டார். "உங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு" என்றார் அவர். அண்ணை நன்றி சொல்லி, கொண்டுபோன ரிவோல்வர்ப் பெட்டியைப் பூட்டிவிட்டார். இரண்டாவது பிறம்ரன் பக்கம். அந்த மனிதர் எங்களுக்குக் கோப்பி எல்லாம் தந்தார். "சின்னப் பிள்ளை இழுத்தாலும் இழுபடவேணும், அப்படிச் செய்வீர்களா?" என்றார் அண்ணை. அவர் சிரித்துக்கொண்டே, ஏன் முடியாது, நாளைக்கே தரலாம் என்றார். அன்றைக்குக் காருக்குத் திரும்பும்போது அண்ணைக்கு உண்மையாகவே கோபம்.

"அளவுக்கு மிஞ்சி இலேசாக்கினா, வெடிக்கவேண்டிய நேரம் வெடிக்காது. இல்லாட்டி நினைக்க முதல் வெடிக்கும். அது தெரிஞ்சும் ஓம் எண்டுறான். கேட்டதெல்லாம் செய்யிறவன் எனக்கு முதல் வந்தவனுக்கும் செய்திருப்பான். அவன்ரை கையிலை என்ரை சாமானைக் குடுக்கிறதோ?"

"அண்ணை, உங்களுக்கு வேலை செய்யிற ஆள் வேணுமோ, செய்யமாட்டன் எண்டுற ஆள் வேணுமோ?" என்றேன். அரை நாளும் பெற்றோல் செலவும் என் பக்கம்.

"ரெண்டும் ஒரே ஆளாத்தான் இருக்கும், பிள்ளை. பாரும்."

மூன்றாவது ஆள் ரூஜ் ஆற்றுக்கும் அப்பால், வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் வேலை செய்தார். கிழவர். அவருடைய ஆங்கிலமும் எங்களுடையதைப் போல வேறு எங்கிருந்தோ வந்தது. வணக்கம் இல்லை, கோப்பி இல்லை, இருக்கச் சொல்லக்கூட இல்லை. அண்ணை வழக்கமான கேள்வியைக் கேட்டார்: சின்னப் பிள்ளை இழுத்தாலும் இழுபடவேணும்.

"மாட்டேன்" என்றார் கிழவர். "அப்படி வேண்டுமென்றால் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போங்கள்."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெண்ணுக்கு மாப்பிள்ளை சரிவந்த தகப்பன்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார். பெட்டியைத் திறந்து கொடுத்தார். கிழவர் ரிவோல்வர் வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். விசையில் ஒரு கொக்கித் தராசை மாட்டி இழுத்தார். திரும்பவும் இழுத்தார். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி, விளக்கைக் கிட்டப் பிடித்து உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

"இதை யாரோ முன்பே நன்றாகச் செய்திருக்கிறார்கள். எங்கும் உரசவில்லை. வருகிறவர்கள் பலருடையதைவிட இது இலகு."

"இல்லை, இறுகிவிட்டது" என்றார் அண்ணை.

கிழவர் தகட்டைப் பூட்டி ரிவோல்வரை அவர் கையில் கொடுத்து, சுவரைப் பார்த்து இழுக்கச் சொன்னார். அண்ணை இழுத்தார். பாதியில் விரல் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியை இழுத்தார். கிழவர் அதை வாங்கி வைத்துவிட்டுத் தன் இரண்டு விரல்களை நீட்டினார்.

"அழுத்திப் பிடியுங்கள். இனி மற்றக் கையால்."

பிறகு அண்ணையின் வலது கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை மாதம் அந்தக் கை என் காரின் சீற் பெல்ரை மாட்டமுடியாமல் தடவியிருக்கும், நான் பார்த்ததே இல்லை.

"நான் இந்த ரிவோல்வரைத் தொடமாட்டேன்" என்றார் கிழவர். "இதில் திருத்த ஒன்றும் இல்லை. வைத்தியரிடம் கையைக் காட்டுங்கள். இந்தக் கிழமையே."

அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அண்ணையின் கையிலிருந்து கோப்பைகள் விழத் தொடங்கியிருந்தன. இன்னொரு வீட்டில் நடந்த பிறந்தநாள் கொண்டாட்டத்தில் சோற்றுப் பிளேற் நழுவிக் கம்பளத்தில் கவிழ்ந்தது. நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்த் துடைத்தோம். குளிருக்கு அப்பிடித்தான் அண்ணை, உது வயசுக்கு வாறதுதான், விற்றமின் எடுங்கோ, எனக்கும் இருந்தது சுகமாப் போட்டுது. ஆளாளுக்கு ஒரு சமாதானம். பெரியவரின் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் ஓம், ஒன்றுமில்லை என்றார்கள். அவருக்கு "இல்லை, இது சரியில்லை" என்று சொல்ல ஒரு கன்ஸ்மித் வரவேண்டியிருந்தது.

திரும்பும்போது அவர் கையை முழங்காலில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

"நல்ல ஆள், பிள்ளை" என்றார் கடைசியாக. "ஆளைப் பிடிச்சிட்டம்."

வைத்தியர்கள் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார்கள். தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும், மருந்து இல்லை. முதலில் கைகள், பிறகு கால்கள், பிறகு பேச்சு. இலையுதிர்காலப் போட்டி நடந்த அன்று அவருக்குச் சேர்ட் பொத்தானை அக்காதான் பூட்டிவிட்டார்.

கட்டிலில் விழுந்த வருத்தக்காரரைப் பார்க்க எங்கள் ஆட்கள் வருவதில் குறைவில்லை. காலநிலை கதைத்தவர்கள்கூட வந்தார்கள். சூப் வந்தது, விபூதி வந்தது, தோடம்பழம் மலையாகக் குவிந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணை குழறிய குரலில் ஒரே கேள்வி கேட்பார். "நான் எழும்பி நடப்பனோ?" "ஓம் அண்ணை, ஏன் நடக்கமாட்டியள்? வாற வருசம் எங்களோடை வேலைக்கு வருவியள்." அவர் கண்ணை மூடிக்கொள்வார். களைத்துவிட்டார் என்று நினைத்து அவர்கள் மெல்ல எழும்பிப் போவார்கள். பாவம், அன்பில்தான் சொன்னார்கள். அறையில் இருந்த எனக்குத்தான் அந்தக் கண் மூடுவது என்ன என்று தெரியும்.

ஒரு மத்தியானம் அக்கா மருந்தெடுக்கப் போயிருந்தார். நான் அண்ணைக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவருடைய பேச்சு எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் விளங்கும். கரண்டியைத் தலையால் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"பிள்ளையார் படத்துக்குப் பின்னாலை சாவி இருக்கு. கீழை போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாரும்."

"ஏன் அண்ணை?"

"ஒருக்காப் பாக்கவேணும். கையிலை வைச்சுவிடும்."

இடது கை விரல்கள் இரண்டு இன்னும் கொஞ்சம் அசையும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"மாட்டன்" என்றேன்.

"பாக்கத்தானே."

"மாட்டன் அண்ணை. கேக்காதேங்கோ."

கஞ்சிக் கோப்பையை மேசையில் வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் சந்தியில் மலர்ந்த முகம் வரும் என்று காத்திருந்தேன். அப்படி வந்தால் இதுவும் சோதனைதான் என்று சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிக் கஞ்சியைப் பருக்கலாம். முகம் மலரவில்லை. கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை, நான்தான் துடைத்துவிட்டேன். பிறகுதான் சொன்னார்.

"சாவியை நீர் கொண்டுபோம். அவவிட்டைக் குடுக்கவேண்டாம். அந்தக் கிழவனுக்குப் போன் அடியும்."

அக்காவிடம் ஏன் கொடுக்கக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கிழவர் எங்கெங்கோ அலைந்து, ரிவோல்வரைக் கொண்டுபோக அனுமதி எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வந்தார். வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றவேண்டும் என்று யாரும் சொல்லாமலே கழற்றினார். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணை எதையோ குழறினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: இப்போதாவது இலகுவாக்கித் தருவீர்களா என்று கேட்கிறார்.

"மாட்டேன்" என்றார் கிழவர்.

அப்போதுதான் அந்த முகம் மலர்ந்தது. பாதி முகம்தான், மற்றப் பாதிக்குச் சக்தி இல்லை. கிழவர் அவர் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பெட்டியோடும் சாவியோடும் போனார். பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அண்ணை போய்ச் சேர்ந்தார். வெளியே பனியை வெட்டி வழிவிட மல்வேர்னே மண்வெட்டியோடு வந்து நின்றது.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி எல்லாம் முடிந்து ஆட்கள் வருவது குறைந்தபிறகு ஒருநாள் அக்காவிடம் போயிருந்தேன். குசினி மேசையில் நானும் அவரும் மட்டும்.

"அந்தப் பெட்டியை அவர் உம்மட்டைக் கேட்டவரோ?" என்றார் அக்கா, திடீரென்று.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஓம் அக்கா."

"நீர் என்ன சொன்னனீர்?"

"மாட்டன் எண்டனான்."

அக்கா மேசைத்துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "சாவி இருந்த இடம் எனக்கும் தெரியும். நாள் முழுக்கப் பக்கத்திலைதானே இருந்தனான். என்னட்டைக் கேக்கேல்லை, பிள்ளை. ஒருநாளும் கேக்கேல்லை." மடிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எடுத்துக் குடுத்திருப்பன், என்ன?"

கேள்வியாகத்தான் கேட்டார். இல்லையக்கா, நீங்கள் குடுத்திருக்கமாட்டியள் என்று நான் சொல்லவேண்டும் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. மல்வேர்னில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது வாயில் வரவில்லை.

"ஓம் அக்கா. குடுத்திருப்பியள்."

அக்கா அழுதார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார், தனக்குள் எதையோ கூட்டிச் சரிபார்த்ததுபோல. "அவருக்குத் தெரியும்" என்றார். எழும்பிப்போய்க் கேத்தலை வைத்து இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.